நுண்துளைப் பொருள்: திரையில் வரைந்து, அச்சில் எடுத்து, சோதித்துச் சரிபார்ப்பது எப்படி

திரையில் வரையும் நுண்துளை அமைப்பு வேறு, முப்பரிமாணப் பிரிண்டரிலிருந்து கையில் வந்து சேரும் அமைப்பு வேறு. சுவர் சற்றுத் தடித்திருக்கும். துளைக்குள் மயிரிழை போலப் பிசிறு தொங்கும். சரிந்த சுவரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளவு ஓடும். சிமுலேஷன் சொன்ன எண்ணும் சோதனை தந்த எண்ணும் ஒத்துப்போகாதபோது சிலர் கணக்கைக் குறை சொல்வார்கள், சிலர் கருவியைக் குறை சொல்வார்கள். பல நேரங்களில் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். இரண்டும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அச்சான பொருளை அளந்து, அந்த அளவைச் சிமுலேஷனுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த வேலையின் நடுநாயகம்.

கீழே உள்ள முறை ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது: 40 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம், அதற்குள் 8 மி.மீ. அலகுக் கூடுகள் பக்கத்துக்கு ஐந்து, ஜைராய்டு என்ற வளைபரப்பு வடிவச் சுவர், 0.4 மி.மீ. நாஸில் (உருகிய இழை வெளிவரும் முனை), பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழை. அளக்கப்போவது இரண்டு பண்புகள். அமுக்கும்போது எவ்வளவு விறைப்பாக நிற்கிறது, திரவத்தை எவ்வளவு எளிதாகக் கடக்கவிடுகிறது.

அளவைத் தீர்மானிப்பது நாஸில்

துளை எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவது இயல்பு. ஆனால் அப்படித் தொடங்கினால் அச்சிட முடியாத சுவரில் போய் முட்டிக்கொள்வோம். அச்சிடக்கூடிய சுவரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது நல்லது.

ஜைராய்டு என்பது 1970-இல் நாசாவில் பணியாற்றிய ஆலன் ஷோன் விவரித்த பரப்பு. மூன்று திசைகளிலும் திரும்பத் திரும்ப வரும். இடத்தை இரண்டு வழிகளாகப் பிரிக்கும், ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடியாது. கூர்மூலைகள் இல்லாததால் தகைவு ஓரிடத்தில் குவிவது குறைவு. அகன்ற கிடைமட்டக் கூரை எங்கும் இல்லாததால் பெரும்பாலும் தாங்கு அமைப்பு இல்லாமலே அச்சாகிவிடும். முதல் முயற்சிக்கு இதைவிட இணக்கமான வடிவம் கிடையாது.

ஒரு கூட்டுக்குள் ஜைராய்டின் பரப்பளவு, கூட்டுப் பக்கத்தின் வர்க்கத்தைப் போல 3.09 மடங்கு. மெல்லிய சுவருக்கு இதிலிருந்து ஓர் எளிய கணக்கு வருகிறது (திண்மப் பங்கு என்பது மொத்தக் கனஅளவில் பொருள் நிரம்பிய பங்கு):

சுவர்த் தடிப்பு = திண்மப் பங்கு × கூட்டின் பக்கம் ÷ 3.09

திண்மப் பங்கு 0.31, கூடு 8 மி.மீ. என்றால் சுவர் 0.80 மி.மீ. 0.4 நாஸிலுக்கு இது சரியாக இரண்டு கோடுகள். அதனால்தான் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தோம். இதற்கு மாறாக, 4 மி.மீ. கூட்டில் 0.20 திண்மப் பங்கு கேட்டால் சுவர் 0.26 மி.மீ. ஆகிறது. வடிவத்தை அடுக்குகளாக வெட்டி அச்சுப்பாதை போடும் ஸ்லைசர் மென்பொருள் அதை விட்டுவிடும், அல்லது ஒரு முழுக் கோடாக 0.4 மி.மீ.-க்கு அச்சிடும். இரண்டாவது நடந்தால் திண்மப் பங்கு 0.20-லிருந்து 0.31-க்குப் போய்விடும். வரைந்தவர் 80% துளை என்று நம்பிக்கொண்டிருப்பார், கையில் இருப்பது 69% மட்டுமே.

சுவருக்குப் பதில் கம்பிகளாலான பின்னல் வேண்டுமென்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு முடிச்சில் 12 கம்பிகள் சேரும் ஆக்டெட் பின்னலில் கம்பிகள் நீள்வதும் சுருங்குவதுமாகச் சுமையைத் தாங்கும். அங்கே விறைப்பு திண்மப் பங்குக்கு நேர்விகிதத்தில் குறையும். முடிச்சில் குறைவான கம்பிகள் சேரும் பின்னல்களும், சாதாரண நுரைகளும் வளைந்துதான் தாங்கும். அங்கே விறைப்பு திண்மப் பங்கின் இரண்டாம் படியில் குறையும். கிப்ஸன், ஆஷ்பி இருவர் பெயரால் வழங்கும் விதி இதுதான். பாதி எடையில் பாதி விறைப்பா, கால் விறைப்பா என்பது இந்தப் படியைப் பொறுத்தது. ஜைராய்டுச் சுவர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். உங்கள் அச்சில் அது எங்கே நிற்கிறது என்று தெரிய 0.2, 0.3, 0.4 என மூன்று திண்மப் பங்குகளில் மாதிரி எடுத்து, மடக்கைத் தாளில் விறைப்பைக் குறித்துச் சாய்வைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் சுவர் 0.8 மி.மீ.-யாகவே இருக்கும்படி கூட்டின் பக்கத்தை மாற்றுங்கள். மாதிரியின் பக்கத்தையும் அதே விகிதத்தில் மாற்றி, பக்கத்துக்கு ஐந்து கூடுகள் என்பதைக் காப்பாற்றுங்கள். கூட்டை மாற்றாமல் சுவரை மாற்றினால் அச்சின் தரமும் கூடவே மாறிவிடும், சாய்வு பொய் சொல்லும்.

வடிவத்தை உருவாக்குதல்

ஜைராய்டுக்கு நெருங்கிய சமன்பாடு இது:

சைன்(எக்ஸ்) × காஸ்(ஒய்) + சைன்(ஒய்) × காஸ்(இசட்) + சைன்(இசட்) × காஸ்(எக்ஸ்)

ஒவ்வொரு அச்சிலும் ஒரு கூடு என்பது 2 பை ரேடியன். இந்தக் கோவையின் மதிப்பு ஒரு வரம்புக்குள், அதாவது குறை வரம்புக்கும் மிகை வரம்புக்கும் இடையில் இருக்கும் புள்ளிகளைத் திண்மம் என்று கொள்ளுங்கள். திண்மப் பங்கு ஏறத்தாழ வரம்பின் மூன்றில் இரண்டு பங்கு. எனவே 0.31-க்கு 0.46-லிருந்து தொடங்கலாம். பிறகு வாக்செல்களை (இடத்தைப் பிரித்த சிறு கனசதுரங்களை) எண்ணி, உண்மையான பங்கைக் கணக்கிட்டு, வரம்பை மூன்றாம் தசமத்தில் திருத்துங்கள்.

இப்படி எடுத்த சுவர் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பில் இருக்காது. கோவையின் சரிவு பரப்பு நெடுகிலும் மாறுவதே காரணம். சுவர் 0.8 மி.மீ. என்று சொன்னது சராசரி. சீரான தடிப்பு வேண்டுமானால் நடுப்பரப்பிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, 0.4 மி.மீ.-க்குள் இருப்பதையெல்லாம் திண்மமாக எடுங்கள்.

பைத்தானில் நம்பை, சைகிட் இமேஜ் என்ற இரண்டு நிரல் நூலகங்களும் போதும். கூட்டுக்கு 40 புள்ளிகள், அதாவது 0.2 மி.மீ. இடைவெளி வைத்து, மார்ச்சிங் க்யூப்ஸ் முறையில் முக்கோணங்களாலான பரப்பை எடுங்கள். முழுக் கனசதுரத்துக்கு 25 லட்சத்துக்கும் மேலான முக்கோணங்கள் வரும், அவற்றைச் சேமிக்கும் எஸ்.டி.எல். கோப்பு 125 எம்.பி.-யைத் தாண்டும். இதைவிட நுணுக்கமாக எடுத்தால் ஸ்லைசர் திணறும், 0.4 நாஸிலுக்கு அதனால் பலனும் இல்லை. கணக்குக்கு முன் புலத்தைச் சுற்றி ஒரு அடுக்கு வெற்று வாக்செல்களைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு முகங்களும் மூடப்படாமல் திறந்து கிடக்கும். இறுதியில், முக்கோணப் பரப்பிலிருந்து கிடைக்கும் கனஅளவும் வாக்செல் எண்ணிக்கையிலிருந்து கிடைக்கும் கனஅளவும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

விறைப்புக்கான சிமுலேஷன்

முதலில் ஒரே ஒரு கூடு, எதிரெதிர் முகங்கள் ஒன்றாகவே நகரும் சுழல் எல்லை நிபந்தனையுடன். ஆறு திரிபுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சராசரித் தகைவை எடுப்பது பொது முறை. ஜைராய்டுக்குக் கனசதுரச் சமச்சீர் இருப்பதால் ஒரு நேர்த்திரிபும் ஒரு சறுக்குத் திரிபும் போதும். மூன்று மாறிலிகளும் அதிலேயே கிடைத்துவிடும்.

வாக்செல்களையே கணக்குக்கான எட்டு முனை உறுப்புகளாக எடுத்தால் சுவரின் தடிப்புக்குள் குறைந்தது நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வளைவை அந்த உறுப்புகளால் காட்ட முடியாது. சுவர் உண்மையைவிட விறைப்பாகத் தெரியும். 0.2, 0.13, 0.1 மி.மீ. என மூன்று நுணுக்கங்களில் ஓட்டிப் பாருங்கள். கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று சதவீதத்துக்குள் வந்தால் நிறுத்தலாம்.

அடுத்ததாக, ஐந்துக்கு ஐந்துக்கு ஐந்து என்ற முழு மாதிரியை, மேலும் கீழும் தட்டுகளுடன், சற்று முரட்டு மெஷ்ஷில் (உறுப்பு வலையில்) ஓட்டுங்கள். மாதிரியின் பக்க முகங்களில் சுவர்கள் நடுவே வெட்டுப்பட்டு நிற்கின்றன. அங்கே அவற்றைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே முழு மாதிரி, ஒற்றைக் கூட்டுக் கணக்கைவிடச் சற்றுத் தளர்வாக வரும். சோதனையோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

பொருளின் மீட்சிக் குணகத்தை இழை விற்பவரின் தாளிலிருந்து எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் தடித்த, திடமான பட்டையின் எண். உங்கள் சுவரோ இரண்டு கோடு அகலமுள்ள தகடு. அதே பிரிண்டரில், அதே வெப்பத்தில், இரண்டு கோடு சுவர் மட்டுமுள்ள ஒரு சதுரப் பெட்டியை அடியும் மூடியும் இல்லாமல் அச்சிடுங்கள். அதன் பக்கங்களிலிருந்து கோட்டின் திசையில் ஐந்து பட்டைகள், அடுக்கின் குறுக்கே ஐந்து பட்டைகள் வெட்டி இழுத்துப் பாருங்கள். இரண்டு எண்களும் வேறுபடும், அடுக்கின் குறுக்கே உள்ளதே பெரும்பாலும் குறைவு. இரண்டையும் வைத்துச் சிமுலேஷனை இருமுறை ஓட்டினால் சோதனை முடிவு விழவேண்டிய எல்லைகள் தெரிந்துவிடும்.

ஓட்டத்துக்கான சிமுலேஷன்

இங்கேயும் ஒரு கூடு போதும். 0.1 மி.மீ. வாக்செல் என்றால் 80 × 80 × 80, அதாவது ஐந்து லட்சத்துச் சொச்சம் வாக்செல்கள். சாதாரணக் கணினியே தாங்கும். திரவத்தின் மீது ஒரு சிறு உந்து விசையைக் கொடுத்து, வேகம் நிலைபெறும்வரை ஓட்டி, சராசரி வேகத்திலிருந்து ஊடுருவுதிறனை, அதாவது பொருள் திரவத்தை எவ்வளவு எளிதாகக் கடக்கவிடுகிறது என்பதை, கணக்கிட வேண்டும். டார்சி 1856-இல் வெளியிட்ட விதிதான் அடிப்படை:

ஊடுருவுதிறன் = பாகுத்தன்மை × சராசரி வேகம் × நீளம் ÷ அழுத்த வேறுபாடு

இதில் அடிக்கடி நேரும் பிழை சராசரியில்தான். வேகத்தைத் திரவம் இருக்கும் வாக்செல்களில் மட்டும் சராசரி எடுக்கக் கூடாது, திண்மத்தையும் சேர்த்து முழுக் கூட்டுக்கும் எடுக்க வேண்டும். தவறினால் நம் எடுத்துக்காட்டில் விடை 1 ÷ 0.69 மடங்கு, அதாவது 45% கூடுதலாக வரும். சோதனையோடு ஒப்பிடும்போது இந்த 45% எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய நேரும்.

திரவ ஓட்டத்தைக் கட்டங்களில் கணக்கிடும் லேட்டிஸ் போல்ட்ஸ்மன் முறையில் ஒற்றைத் தளர்வு நேரம் வைத்து ஓட்டினால், பாகுத்தன்மையை மாற்றும்போது ஊடுருவுதிறனும் மாறும். ஊடுருவுதிறன் வடிவத்தின் பண்பு, திரவத்தின் பண்பன்று. ஆகவே அது மாறினால் கணக்கில் சுவர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இரட்டைத் தளர்வு நேர முறைக்கு மாறுங்கள்.

ஜைராய்டில் ஓட்டும் முன் விடை தெரிந்த வடிவங்களில் கருவியைச் சோதியுங்கள். இரு தட்டுகளுக்கு இடையிலான பிளவுக்கு ஊடுருவுதிறன், இடைவெளியின் வர்க்கத்தில் 12-இல் ஒரு பங்கு. அடுத்து, சுவரே இல்லாமல் இடத்தைப் பாதிக்குப் பாதி பிரித்து, ஒரு பாதியில் மட்டும் திரவம் ஓடும் ஜைராய்டு. அதற்கு ஏறத்தாழ 0.0023 × கூட்டுப் பக்கத்தின் வர்க்கம் வர வேண்டும். இரண்டும் பொருந்தினால் உங்கள் அமைப்பை நம்பலாம். நம் 0.31 சுவர் ஜைராய்டுக்கு 10⁻⁷ சதுர மீட்டர் வரிசையில் விடை எதிர்பாருங்கள்.

அச்சிடுதல்: சரிந்த சுவர்தான் சிக்கல்

அடுக்கு 0.2 மி.மீ., கோட்டின் அகலம் 0.4 மி.மீ., சுவர்க் கோடுகள் 2, நிரப்பல் 0%, மேல்மூடி 0, அடிமூடி 0. இவை தொடக்க அமைப்புகள். ஆனால் இவற்றோடு விட்டுவிட்டால் மாதிரி கெட்டுப்போகும். காரணம் வருமாறு.

ஸ்லைசர் பார்ப்பது கிடைமட்ட வெட்டுமுகத்தை. நேர்நிற்கும் சுவரின் வெட்டுமுகம் 0.8 மி.மீ. அதே சுவர் 45 பாகையில் சரியும் இடத்தில் வெட்டுமுகம் 1.13 மி.மீ. ஆகிவிடும். அங்கே 0.4 மி.மீ. கோடுகள் இரண்டைப் போட்டால் நடுவில் 0.33 மி.மீ. வெற்றிடம் மிஞ்சும். அது முழுக் கோட்டுக்குப் போதாது, விட்டுவிட்டாலோ சுவர் இரண்டு தாள்களாகப் பிரிந்து நிற்கும். ஜைராய்டில் பெரும்பகுதி சரிந்த சுவர்தான். ஆகவே இந்தப் பிளவு அங்கங்கே நடக்கும் விபத்தன்று, மாதிரி முழுவதும் பரவிய குறை. விறைப்பு குறையும். இரு வழிகளுக்கும் இடையே திரவம் கசியும். எடையும் கணக்கைவிடக் குறையும்.

தீர்வு, கோட்டின் அகலத்தை இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சுவர் முறை. குரா, ப்ரூசா ஸ்லைசர் இரண்டிலும் அரக்னி என்ற பெயரில் வருவது இதுதான். அதை இயக்கிய பிறகும் ஸ்லைசரின் முன்னோட்டத்தில் அடுக்கடுக்காகப் பாருங்கள். ஒரு கூட்டின் உயரம் 40 அடுக்குகள். அந்த 40-ஐயும் பார்த்துவிட்டால் மீதியெல்லாம் அதன் மறுபடியே.

அடுத்தது பிசிறு. ஒவ்வோர் அடுக்கிலும் நாஸில் துளைகளைக் குறுக்கே தாண்டிக்கொண்டே இருக்கிறது. இழை ஈரமாக இருந்தால் ஒவ்வொரு தாண்டலிலும் ஒரு நூல் தொங்கும். இழையை 45 முதல் 50 பாகை செல்சியஸில் சில மணி நேரம் உலர்த்துங்கள். இழையை ஊட்டும் பல்சக்கரம் நாஸிலுக்கு மேலேயே இருந்தால் 0.5 முதல் 1 மி.மீ., குழாய்வழி ஊட்டும் பிரிண்டரில் 4 முதல் 6 மி.மீ. பின்னிழுப்பு (தாண்டுமுன் இழையைப் பின்னோக்கி இழுப்பது) கொடுங்கள். பிசிறை வெப்பக் காற்றால் எரிக்க முயல வேண்டாம். பி.எல்.ஏ. 60 பாகை அருகிலேயே இளகிவிடும், நூல் போகுமுன் சுவர் நெளிந்துவிடும்.

முதல் அடுக்கு தட்டில் அழுந்திப் பரந்து, அடிமுகத் துளைகளைச் சுருக்கும். ஓட்டச் சோதனைக்கு இது கேடு. முதல் அடுக்குப் பரவலுக்கான திருத்தத்தை 0.1 முதல் 0.2 மி.மீ. வைத்துப் பாருங்கள். அல்லது ஒரு மி.மீ. கூடுதல் உயரம் வைத்து அச்சிட்டு, அடியை மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள்.

ரெசின் பிரிண்டரில் சிக்கல் வேறு. ஒளி ஓர் அடுக்கோடு நில்லாமல் கீழே ஊடுருவி, படுத்த நிலையிலுள்ள துளைகளின் கூரையைத் தடிக்கவைக்கும். நிறமில்லாத ரெசினில் இது மோசம், நிறமேற்றியதில் குறைவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இருமுறை கழுவி, ஒவ்வொரு முறையும் அழுத்தக் காற்றால் துளைகளை ஊதிவிடுங்கள். உள்ளே தேங்கிய ரெசின், புறஊதா ஒளியில் கெட்டிப்பட்ட பிறகு எந்த வழியிலும் வெளியே வராது. நைலான் தூளில் எடுத்தால் குறுகிய நீண்ட வழிகளில் தூள் அடைத்துக்கொள்ளும். டைட்டானியத் தூளில், 15 முதல் 45 மைக்ரான் துகள்கள் சுவரின் கீழ்முகத்தில் பாதி உருகி ஒட்டிக்கொள்ளும். அங்கே மறக்கக் கூடாத ஒழுங்கு: தளர்ந்த தூளை முழுவதும் உதறி எடுத்த பிறகே வெப்பப் பதப்படுத்தல். முறை மாறினால் தூள் உள்ளேயே இறுகிவிடும்.

அச்சானதை அளத்தல்

முதல் கருவி தராசு. 64 கன செ.மீ. × 0.31 × பி.எல்.ஏ. அடர்த்தி 1.24 என்றால் 24.6 கிராம் வர வேண்டும். 0.01 கிராம் தராசில் எடை போடுங்கள். 26.5 கிராம் வந்தால் உண்மைத் திண்மப் பங்கு 0.334. விறைப்பு திண்மப் பங்கின் ஒன்றரைப் படியில் போகிறது என்று வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் மட்டுமே 12% கூடுதல் விறைப்பைத் தரும். எடை போடாமல் விட்டவருக்கு அந்த 12% புதிராகவே இருக்கும்.

எடை சரியாக இருப்பது மட்டும் போதாது. மெலிந்த சுவரும் நிறையப் பிசிறும் சேர்ந்தும் அதே எடை வரலாம். மாதிரியை வெட்டிப் பார்ப்பதுதான் உறுதி. சாயம் கலந்த எப்பாக்ஸியை ஊற்றி நிரப்பி, இறுகவிட்டு, நடுவே அறுத்து, 1200 கண் உப்புத்தாள் வரை தேய்த்து, மேசை ஸ்கேனரில் 1200 புள்ளி நுணுக்கத்தில் வருடுங்கள். ஒரு படப்புள்ளி 21 மைக்ரான். 0.8 மி.மீ. சுவருக்கு அது தாராளம். எப்பாக்ஸி மெதுவாக இறுகும் வகையாக இருக்கட்டும். வேகமாக இறுகுவது சூடேறிப் பி.எல்.ஏ.-வை இளக்கிவிடும். சாயம் சுவருக்குள் கோடாகத் தெரிந்தால் மேலே சொன்ன பிளவு இருக்கிறது.

நுண் சி.டி. ஸ்கேன் கிடைத்தால் அதுவே சிறந்தது. சுவரின் தடிப்புக்கு ஐந்து வாக்செல்களாவது விழும்படி எடுங்கள். திண்மம் எது, காற்று எது என்று பிரிக்கும் சாம்பல் வரம்பை மென்பொருளின் தேர்வுக்கு விட்டுவிடாதீர்கள். வரம்பைச் சற்று நகர்த்தினாலே திண்மப் பங்கு சில சதவீதம் மாறும். ஸ்கேனிலிருந்து வரும் திண்மப் பங்கு தராசு சொன்னதோடு பொருந்தும் இடத்தில் வரம்பை நிறுத்துங்கள்.

அமுக்கச் சோதனை

நுண்துளை உலோகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 13314 தரத்தைப் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளலாம். மாதிரியின் ஒவ்வொரு பக்கமும் சராசரித் துளையின் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. நம் ஜைராய்டின் வழி ஏறத்தாழ 3 மி.மீ., ஆகவே 40 மி.மீ. கனசதுரம் தேறும். உயரம் அகலத்தைப் போல ஒன்று முதல் இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும். திரிபு வேகம் நொடிக்கு 0.001 எனக் கொண்டால் தலை நிமிடத்துக்கு 2.4 மி.மீ. நகர வேண்டும். பிளாஸ்டிக்கில் வேகம் மாறினால் விறைப்பும் மாறும் என்பதால் எல்லா மாதிரிக்கும், பட்டைகளின் இழுவைக்கும் இதே திரிபு வேகத்தைக் காப்பாற்றுங்கள். அடுக்குகளின் திசையில் ஐந்து, குறுக்கே ஐந்து மாதிரிகள் வேண்டும்.

தலை நகர்ந்த தூரத்தை மாதிரி சுருங்கிய தூரமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தச் சோதனையில் மிகப் பெரிய பிழை. மாதிரியின் விறைப்பு மி.மீ.-க்கு 10,000 நியூட்டன், இயந்திரச் சட்டகத்தின் விறைப்பு மி.மீ.-க்கு 20,000 நியூட்டன் என்றால், தலை நகர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு சட்டகம் விரிந்தது. மீட்சிக் குணகம் அதே அளவு குறைவாகக் காட்டும். நீட்சிமானியைத் தட்டுகளுக்கு இடையே பொருத்துங்கள், அல்லது முகத்தில் மைப்புள்ளிகள் தெளித்துக் கேமராவால் அளவெடுங்கள். இரண்டும் இல்லையென்றால், மாதிரி இல்லாமல் தட்டோடு தட்டை அழுத்தி, அந்த வளைகோட்டை ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள்.

வளைகோட்டின் தொடக்கம் வளைந்திருக்கும், முகங்கள் தட்டில் சரியாகப் பொருந்தும்வரை அப்படித்தான். அந்தச் சாய்வை எடுக்காதீர்கள். ஏற்றி, மாதிரி சரியத் தொடங்கும் சுமையில் 70% அளவில் நிறுத்தி, 20% வரை இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். இறக்கும்போது கிடைக்கும் சாய்வே நம்பத்தக்கது. பிறகு 50% திரிபு வரை போகலாம். 20% முதல் 40% வரையிலான திரிபில் சராசரித் தகைவை எடுத்தால் அதுவே மேடைத் தகைவு. 40 மி.மீ. கனசதுரம் சரியுமுன் 10 கிலோ நியூட்டனைத் தாண்டக்கூடும். சிறிய இயந்திரத்தில் வேலை செய்பவர்கள் சுமை வரம்பை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டச் சோதனை: தண்ணீர் உதவாது

40 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. நீளமும் உள்ள உருளை மாதிரியில், நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் தண்ணீரை ஓட்டினால் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 0.4 பாஸ்கல். தண்ணீர்த் தம்பத்தில் அது 0.04 மி.மீ. எந்த அளவுகோலாலும் அதைப் படிக்க முடியாது. படிக்கக்கூடிய அளவுக்கு வேகத்தைக் கூட்டினால், துளைகளின் திருப்பங்களில் திரவத்தின் நிலைமம் தலைகாட்டும். அழுத்தம் வேகத்துக்கு நேர்விகிதமாக இருப்பது நின்று, அதன் வர்க்கத்தோடு ஏறத் தொடங்கும். அப்போது டார்சி விதி பொருந்தாது. அந்த எண்ணை ஊடுருவுதிறன் என்று எழுதினால் அது உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

கிளிசரினை எடுத்துக்கொள்ளுங்கள். பாகுத்தன்மை 1 பாஸ்கல் நொடி அளவில் இருக்கும்போது அதே வேகத்துக்கு 400 பாஸ்கல் கிடைக்கும். கிளிசரின் தம்பத்தில் 32 மி.மீ., சாதாரண அளவுகோலே போதும். ஓட்டம் நொடிக்கு 1.26 மி.லி., ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 95 கிராம். மட்டம் மாறாத மேல்தொட்டி, மாதிரி பொருத்திய குழாய், வழிந்து விழும் பாத்திரம், அதன் கீழ் தராசு. கருவி அவ்வளவுதான்.

கிளிசரினிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பாகுத்தன்மையில். 20 பாகையில் தூய கிளிசரின் 1.41 பாஸ்கல் நொடி, 25 பாகையில் அது மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், எடையில் 10% தண்ணீர் சேர்ந்தால் 20 பாகையில் 0.22-க்கு இறங்கிவிடும். எனவே புட்டியின் சீட்டை நம்பாமல், சோதனை நடக்கும் அதே நேரத்தில், அதே வெப்பத்தில், விட்டமும் நீளமும் தெரிந்த ஒரு நேர்க்குழாய் வழியே ஓட்டிப் பாகுத்தன்மையை அளந்துகொள்ளுங்கள்.

உருளையைக் குழாய்க்குள் வெறுமனே திணித்தால் திரவம் ஓரமாகவே ஓடிவிடும். மாதிரியை 1.6 மி.மீ. தடிப்புள்ள திட உறையோடு சேர்த்தே அச்சிட்டு, உறையின் வெளியே எப்பாக்ஸி பூசுங்கள். இன்னொரு மாதிரியின் துளைகளை மெழுகால் முழுவதும் அடைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு சொட்டுகூட வரக் கூடாது. பிறகு மாதிரியே இல்லாமல் ஓட்டி, கருவியின் சொந்தத் தடையை அளந்து கழியுங்கள். திரவத்தைக் கீழிருந்து மேலாக நிரப்பி, குமிழி வெளியேற அரைமணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். ஒரே ஒரு குமிழி ஒரு வழியையே அடைத்துவிடும்.

ஐந்து வெவ்வேறு மட்டங்களில் அளந்து, ஓட்டத்துக்கு எதிராக அழுத்தத்தை வரையுங்கள். கோடு நேராக, தொடக்கப் புள்ளி வழியே போக வேண்டும். மேல்நோக்கி வளைந்தால் வேகம் அதிகம். நேராக இருந்தும் தொடக்கப் புள்ளியைத் தவறவிட்டால் மட்டத்தை அளப்பதில் பிழை.

எண்கள் பொருந்தாதபோது

ஒப்பிடும் முன், தராசு சொன்ன திண்மப் பங்கை வைத்து வடிவத்தை மறுபடி உருவாக்கி, இரண்டு சிமுலேஷன்களையும் மீண்டும் ஓட்டுங்கள். சி.டி. ஸ்கேன் இருந்தால் அதிலிருந்து நேரடியாக. வரைந்த வடிவத்துக்கும் அச்சான வடிவத்துக்கும் உள்ள இடைவெளி இதில் பெருமளவு மறையும். மிஞ்சுவதைத்தான் தேட வேண்டும்.

விறைப்பு குறைந்து ஊடுருவுதிறன் பொருந்தினால், வடிவம் சரி, பொருள் மெலிவு. அடுக்கு ஒட்டுதலைப் பாருங்கள், நாஸில் வெப்பத்தை 5 முதல் 10 பாகை கூட்டிப் பட்டைகளை மறுபடி இழுத்துப் பாருங்கள். விறைப்பு பொருந்தி ஊடுருவுதிறன் மட்டும் குறைந்தால் பிசிறு, அல்லது அடிமுகத் துளைகளின் சுருக்கம். அடிமுகத்தை ஒரு மி.மீ. அறுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் எது என்று பிரிந்துவிடும். ஊடுருவுதிறன் கூடுதலாக வந்தால் ஓரக் கசிவு. அது இல்லை என்று மெழுகு மாதிரி சொல்லிவிட்டால், சுவர் கணக்கிட்டதைவிட மெலிந்திருக்கலாம், அல்லது அதில் ஓட்டை விழுந்திருக்கலாம். விறைப்பும் சேர்ந்து குறைந்திருந்தால் சாயம் ஏற்றிய வெட்டுமுகத்தில் பிளவைத் தேடுங்கள்.

ஏற்றும்போது விறைப்பு குறைவாகவும் இறக்கும்போது பொருத்தமாகவும் இருந்தால், பொருளில் குறையில்லை, முகங்கள் தட்டுக்கு இணையாக இல்லை. ஐந்து மாதிரிகளும் தமக்குள்ளேயே 10 சதவீதத்துக்கு மேல் சிதறினால் சிமுலேஷனைத் தொடவே வேண்டாம். ஐந்தின் எடையையும் விறைப்பையும் ஒரே தாளில் குறியுங்கள். எடையோடு விறைப்பும் ஏறியிறங்கினால் இழை ஊட்டம் சீராக இல்லை, இழையின் விட்டத்தைப் பத்து இடங்களில் அளந்து பாருங்கள். எடை ஒன்றாக இருந்தும் விறைப்பு சிதறினால் அடுக்கு ஒட்டுதல் மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. ஐந்தையும் ஒரே தட்டில் வைத்துச் சேர்ந்து அச்சிட்டதா, ஒவ்வொன்றாக அச்சிட்டதா என்று பாருங்கள். சேர்ந்து அச்சிட்டால் ஓர் அடுக்கு ஆறுவதற்குக் கிடைக்கும் நேரம் ஐந்து மடங்காகும், அடுத்த அடுக்கு குளிர்ந்த பரப்பில் விழும். சோதனை மாதிரிகளை எப்போதும் ஒவ்வொன்றாகவே அச்சிடுங்கள். இழுவைப் பட்டைகளுக்கான பெட்டியையும் ஓர் அடுக்குக்கு ஆகும் நேரம் மாதிரியோடு ஒத்துவரும்படி அளவெடுத்துக்கொள்ளுங்கள்.